ஒலியின் வழியைக் கணித்தல்

ஒலியின் வழியைக் கரும்பலகையில் நேர்கோடாக வரைந்து காட்டியவன் நான். மனித உடலோ ஒரே ஊடகமன்று. செவிக்கெட்டாத மீயொலி, கொழுப்பில் நொடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டரும், மென்திசுக்களில் சராசரியாக 1,540 மீட்டரும் செல்கின்றது. மண்டையோட்டிலோ அதனினும் மிக விரைகின்றது. வேகம் மாறுமிடத்தே அலை வளைகின்றது; ஒரு பகுதி எதிரொலிக்கின்றது.

மண்டையைத் திறவாமலே மீயொலியைக் குவித்து, மூளையின் சிறு புள்ளியைச் சுட்டுக் கைநடுக்கத்தைத் தணிக்கும் முறைக்கு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குவியம் சில மில்லிமீட்டர் பிறழினும் நல்ல திசு கெடும். ஆகவே, நோயாளியின் மண்டையோட்டை சி.டி. படமெடுத்து, அலை செல்லும் வழியைக் கணிப்பொறி முன்னரே கணக்கிடுகின்றது. எவ்வலையை எவ்வளவு தாமதித்து அனுப்பவேண்டும் என்று உரைக்கின்றது.

கரும்பலகைக் கணக்குப் பிழைத்தால் அழித்தெழுதலாம். இக்கணக்கை அங்ஙனம் செய்யவியலாது. ஆதலின் சூத்திரங்களைப் பொருளுணர்ந்து கற்பீர்களாக.