நிறுத்தி வைத்த கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். வட்டி, வருமான வரி, நாமினேஷன் என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். கார் பேட்டரி என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவன். ஆனால் இந்த விஷயம் முழுக்கப் பற்று வரவு சமாசாரம். அது புரிய எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டுத் திரும்பினோம். வந்த அன்றே இரவு இரண்டு மணிக்கு என் மனைவிக்கு நெஞ்சில் பாரம், வியர்வை. ஓடிப் போய் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் என்று சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மின்னி மங்கின. மறுபடி திருப்பினேன். ஐந்தாவது தடவை டிக் சத்தமும் நின்றுவிட்டது. மூன்றாவது மாடி சார், கட்டிய வேட்டியோடு வந்து, தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலம். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

இதில் என் முதல் தவறு, 108-ஐ அழைக்காமல் கார் சாவியைத் தேடியது. நெஞ்சு வலிக்கு முதலில் 108. அவர்களிடம் ஆக்சிஜன் இருக்கிறது, என் காரில் இல்லை. இரண்டாவது தவறைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வங்கியில் இரண்டு வருடம் நீங்கள் கை வைக்காத சேமிப்புக் கணக்கை இயங்காத கணக்கு என்போம். ஆனாலும் பணம் அப்படியே இருக்கும், வட்டியும் ஏறும். காரும் அப்படித்தான், பூட்டி நிறுத்தினால் எதுவும் செலவாகாது என்று நினைத்திருந்தேன். செலவாகிறது. ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம், எல்லாம் இருபத்து நாலு மணி நேரமும் பேட்டரியிலிருந்து துளித் துளியாக எடுத்துக்கொண்டே இருக்கின்றன. என் காரில் கூடுதலாக, மாப்பிள்ளை ஆசையாகப் பொருத்திய ஜி.பி.எஸ். டிராக்கர் வேறு.

மறுநாள் வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். கார் அணைந்திருக்கும்போதே 50 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. கேட்க அற்பத் தொகை. கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இருபத்தொரு நாளைக்கு 25. என் பேட்டரியின் மேல் அச்சடித்திருப்பது 35. அதுவும் புதிதாக இருந்தபோது. நாலு வயதான பேட்டரியில் அந்த 35 இருக்காது. நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ சின்ன பெட்ரோல் காரில்கூட ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். கணக்கில் நூறு ரூபாய் வைத்துக்கொண்டு லட்ச ரூபாய்க்குச் செக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த டிக் டிக், செக் திரும்பி வரும் சத்தம்தான். ரிலே சுவிட்ச் மூடப் பார்க்கிறது, வோல்ட் சரிகிறது, சுவிட்ச் விட்டுவிடுகிறது, மறுபடி மூடப் பார்க்கிறது.

"நான் தினமும் கீழே போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேனே" என்று இங்கே பலர் சொல்வீர்கள். நானும் 2020 ஊரடங்கில் அதைத்தான் செய்தேன். வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஓட விட்டால், நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்புவது ஒரு ஆம்பியர் மணி கூட இருக்காது. ஏ.சி.யையும் போட்டால் அதிலும் குறையும். அந்த வாரத்துப் பற்று எட்டு. தினமும் செய்தால் பேட்டரி ஒருவேளை தப்பலாம், எஞ்சின் தப்பாது. அது முழுச் சூடு ஏறாமலே அணைவதால் உள்ளே உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். முதல் மாடிக்காரர்களின் படுக்கையறைக்குள் புகை போவது தனிக் கதை. அதைப் பற்றி சங்கத்துக்கு வந்த புகார்களைச் செயலாளர் அறிவார்.

வாரம் ஒரு முறை அரை மணி, முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். சிக்னலில் நின்று நின்று போவதை விட விடியற்காலை காலி ரோடு நல்லது. டயரும் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, பிரேக்கும் துருவில் ஒட்டிக்கொள்ளாது. ஓட்ட முடியாதவர்கள் பேட்டரி சார்ஜர் வாங்கி வைக்கலாம்.

மாதக் கணக்கில் அமெரிக்கா, சிங்கப்பூர் போகிறவர்கள் கிளம்பும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பல கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். முதலில் பாசிட்டிவ்வில் கை வைத்து, ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும், அலாரம் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். உங்கள் காருக்கு வேறு ஏதாவது தொந்தரவு வருமா என்று காரோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலி பேட்டரியை "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டு வைக்காதீர்கள். உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடவும் கூடாது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் வரவில்லை, அல்லது எலி வயரைக் கடித்திருக்கிறது. நம் பி பிளாக்கில் எலியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டிக் டிக் என்றால் பேட்டரி, அல்லது அதன் முனையில் பூத்த வெள்ளைப் பொடி. ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், அந்தப் பொடி போய்விடும். முனைகளைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள், பொடி கண்ணில் படக் கூடாது.

இப்போது சங்கத்துக்கு என் வேண்டுகோள். செக்யூரிட்டி அறையில் ஒரு நல்ல ஜம்ப்பர் கேபிள் வாங்கி வைக்க வேண்டும். பக்கத்து காரின் பேட்டரியைக் கடன் வாங்கிக் கிளம்ப அது உதவும். மாட்டும் வரிசையை அட்டையில் எழுதிக் கேபிளோடு கட்டித் தொங்கவிடலாம். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பை முதலில் காலி பேட்டரியின் பாசிட்டிவ்வில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில். கறுப்பின் கடைசி முனையைக் காலி பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரலாம், கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அதனால். நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓட விட்டு, பிறகு காலிக் காரை முயலுங்கள். கிளம்பிவிட்டால் மாட்டியதற்கு நேர் தலைகீழாகக் கழற்றி, அணைக்காமல் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிக்காரர்கள் மட்டும் தங்கள் புத்தகத்தைப் பார்க்காமல் கடன் கொடுக்க வேண்டாம்.

கேபிளை எடுப்பவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும், திருப்பி வைக்கவும் வேண்டும். போன வருடம் வாங்கிய ஏணி இன்னும் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை.

என்னிடம் ஒரு மல்ட்டிமீட்டர் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற காரில் அளந்து சொல்கிறேன். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, அந்த வாரமே சார்ஜ் போடுங்கள். 12-க்குக் கீழே என்றால் கடைக்குப் போன் செய்யுங்கள். காசு வேண்டாம். உங்கள் காரின் போனட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள். போன முறை ஒரு காரில் அதைத் தேடியே இருபது நிமிடம் போய்விட்டது.