இதயத்திடம் வயதுக்கேற்ற கேள்விகள்



மாரடைப்பு ஆண்களின் வருத்தம் என்றுதான் நம்மில் பலர் இன்னும் எண்ணுகிறோம். அப்பாவினதும் கணவரினதும் கிளினிக் திகதிகளை மறக்காத நாம், எமது பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டால் யோசிக்கிறோம். உலகெங்கும் பெண்களின் உயிரை அதிகம் பறிப்பவை இதய, குருதிக்குழாய் நோய்களே.

முதலில் இளம் தாய்மார். கர்ப்பகாலத்தில் பிரஷரோ சீனியோ கூடி, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டால் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் பிரஷர் கூடிச் சிறுநீரில் புரதமும் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கர்ப்பகாலத்தில் சீனி கூடியவர்களுக்குப் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிக அதிகம். ஆகவே 20 வருடங்கள் கழிந்தாலும், வைத்தியர் கேட்காவிட்டாலும், இதை நாமே சொல்ல வேண்டும்.

அடுத்தது, எங்கள் வகுப்பினர் நிற்கும் நாற்பதுகள். பிள்ளைகளின் பரீட்சை, பெற்றோரின் முதுமை, வேலை எல்லாம் ஒன்றாக வரும் காலம். இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கின்றன. அங்கே பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஐம்பதைக் கடந்த அக்காமாருக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் குறைகிறது. கெட்ட கொலஸ்திரோலும் பிரஷரும் மெல்ல ஏறுகின்றன. நேற்றுவரை சரியாக இருந்த இரத்தப் பரிசோதனை இன்றும் சரியாக இருக்கும் என்றில்லை. ஊறுகாய், கருவாடு, மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடக்க வேண்டும்.

எந்த வயதிலும் ஒன்றை மறக்க வேண்டாம். மாரடைப்பில் நெஞ்சுவலியே பெண்களுக்கும் முக்கிய அறிகுறி. ஆனால் மூச்சுத்திணறல், ஓங்காளம், தாடை அல்லது முதுகுவலி, காரணமில்லாத களைப்பு என்பனவும் வரலாம். வாய்வு என்று உள்ளி அவித்துக் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திராதீர்கள். இலங்கையில் 1990ஐ அழையுங்கள்.

நூறு வருடங்களாக இந்தக் கல்லூரி பெண்பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்கியது. இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் வகுப்புத் தோழி ஒருத்தியை அழைத்து, “பிரஷர் பார்த்தனீரா?” என்று கேட்போம்.