தையல் முடிந்த பிறகு



தலைமை உரை நீண்டு, முதல் அமர்வு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது நம் மாநாடுகளின் மரபு. இன்று அந்த மரபைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரே ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2005 டிசம்பர் 31 அன்று, ஹூஸ்டன் நகரில் தம் வீட்டில் இருந்த 97 வயது மைக்கேல் டிபேக்கிக்கு மார்பில் கடும் வலி வந்தது. பெருந்தமனிக் கிழிசல் என்று அவரே ஊகித்தார். ஊகிக்க அவரைவிடத் தகுதியானவர் யார்? 1950களில் அந்த நோய்க்கான அறுவை சிகிச்சையை வகுத்தவரே அவர்தான். டேக்ரான் துணி வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் அதைச் செயற்கை ரத்தக்குழாயாகத் தைத்துப் பார்த்தவர். 2006 பிப்ரவரியில் அவருடைய நெடுநாள் சகா ஜார்ஜ் நூன் அவருக்கு அறுவை செய்தார். சுமார் 7 மணி நேரம் பிடித்தது. மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் அந்த 7 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் வழியாக உணவு. நடுவில் ஒருமுறை வீட்டுக்குப் போனவர் ரத்த அழுத்தம் எகிறி மறுபடி சேர்க்கப்பட்டார். நிலையாக வீடு திரும்பியது செப்டம்பரில். செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பிறகு வேலைக்கும் திரும்பினார். 100 வயது நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது, 2008 ஜூலையில் காலமானார்.

அறுவை 7 மணி நேரம், மீட்சி 7 மாதம். முதலாவதில் எந்த நிமிடம் யார் என்ன செய்தார் என்பதற்குக் குறிப்பு உண்டு. கவ்வி போட்ட நேரம், எடுத்த நேரம், உடல் வெப்பம், ரத்தம் எத்தனை பை, எல்லாம் எழுதிவைக்கிறோம். இரண்டாவதில்? நம் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். நாள்தோறும் ‘சி.எஸ்.டி.’ என்று மூன்று எழுத்து. அதே சிகிச்சையைத் தொடரவும். எதைத் தொடர்வது, எது வரை, யார் பொறுப்பு என்று அதில் இல்லை. மீட்சி தானாக நடக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். அதையும் அறுவையைப் போலவே திட்டமிட்டு, நேரம் குறித்து, பொறுப்பாளர் பெயர் எழுதிச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதில் புதுமை எதுவும் இல்லை. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் 1997இலேயே எழுதிவிட்டார்: வலி, பட்டினி, படுக்கை, அளவுக்கு மிஞ்சிய சலைன், தேவையற்ற குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் கவனித்தால் நோயாளி வேகமாகத் தேறுவார் என்று. குடல் அறுவையில் அது பலித்தது. அறுவைக்குப் பின் விரைந்து தேறுவதற்கென்றே, ‘இராஸ்’ என்று இன்று நாம் சுருக்கிச் சொல்லும் சங்கம் 2010இல் பிறந்தது. 2019இல் இதய அறுவைக்கும், 2022இல் திறந்த முறைப் பெருந்தமனி அறுவைக்கும் பரிந்துரைகள் வந்தன. பெருந்தமனிக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் உண்டு. நம் நோயாளிகளில் பாதிப்பேர் நள்ளிரவில் ஆம்புலன்சில் வருகிறவர்கள். மீதிப்பேர் நெடுநாள் புகைபிடித்தவர்கள், வயதானவர்கள். 1990இல் புவெனஸ் அயர்ஸில் குவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்துக் காட்டிய பிறகு, சிக்கல் குறைந்த நோயாளிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கத்திக்கு மிஞ்சுவது கடினமானவர்களே. அப்படியிருந்தும் அந்தப் பரிந்துரைகளில் பாதி, பணம் கேட்காதவை. மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீராகாரம் குடிக்கலாம் என்பதற்கு என்ன செலவு? இன்றும் பல இடங்களில் முந்தின இரவே தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கிவைக்கிறோம்.

பொதுப்படையாகப் பேசுவதை விட்டு ஓர் இடத்தில் நிற்கிறேன். தண்டுவடம்.

மார்பிலிருந்து வயிறுவரை பெருந்தமனியை மாற்றும்போது, தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு கிளைகள் துண்டிக்கப்படுகின்றன. ஹூஸ்டனில் ஸ்டான்லி கிராஃபோர்டின் 1509 நோயாளிகளைப் பற்றி 1993இல் வந்த கட்டுரையில், 16 விழுக்காட்டினருக்குக் கால்கள் செயலிழந்தன அல்லது வலுவிழந்தன. அந்தக் காலத்தில் அவரைவிடக் கைதேர்ந்தவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 2002இல் ஜோசப் கொசெல்லி குழு 145 நோயாளிகளிடம் சீட்டுக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தது. முதுகில் மெல்லிய குழாய் செருகி மூளைத்தண்டுவட நீரை வடித்தவர்களில் கால் பாதிக்கப்பட்டவர்கள் 2.6 விழுக்காடு, வடிக்காதவர்களில் 13 விழுக்காடு. நீரின் அழுத்தம் குறைந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் ஏறுவது எளிதாகிறது. தமனியின் அழுத்தத்தை உயர்த்திவைத்தாலும் அதே பலன்.

இதெல்லாம் அறுவை அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. வார்டுக்குத் தெரிய வேண்டியது வேறு. மயக்கம் தெளிந்ததும் இரண்டு காலையும் நன்றாக அசைத்தவருக்கு, மூன்றாம் நாள் இரவில் கால் விழலாம். பகலில் டயாலிசிஸில் அழுத்தம் இறங்கியிருக்கும். அல்லது இதயத்துடிப்பு தாறுமாறாகியிருக்கும். அல்லது, இதுதான் கொடுமை, வீட்டில் சாப்பிட்டுவந்த மூன்று பிரஷர் மாத்திரைகளையும் யாரோ பழையபடி முழு அளவில் எழுதியிருப்பார்கள். இரவு 2 மணிக்குச் செவிலியர் போய், “ஐயா, குதிகாலைத் தூக்குங்க… இந்தக் காலு… முட்டிய மடக்குங்க” என்கிறார். வலது கால் எழுகிறது. இடது கால் மெத்தையிலேயே கிடக்கிறது. நோயாளி, “மரத்துப்போச்சும்மா, காலையில சரியாயிடும்” என்கிறார்.

அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. அழுத்தத்தை உயர்த்த வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், குழாய் இருந்தால் திறக்க வேண்டும், இல்லையென்றால் போட வேண்டும். விரைந்து செய்தால் பலருக்குக் கால் திரும்பக் கிடைக்கிறது. நடப்பதோ வேறு. செவிலியர் டியூட்டி டாக்டரை எழுப்ப, அவர் சீனியரை எழுப்பலாமா என்று தயங்க, சீனியர் “காலையில் எம்.ஆர்.ஐ. பார்ப்போம்” என்று சொல்ல, விடிந்துவிடுகிறது. ஆகவே என் கோரிக்கை இது: கால் வலு குறைந்ததும் என்ன மருந்தை எவ்வளவு ஏற்றலாம் என்ற உத்தரவு முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டிலில் தொங்க வேண்டும். யாரையும் எழுப்பும் முன்பே செவிலியர் அதைத் தொடங்கலாம். தொடங்கியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டிலில் இருப்பவருக்கு மார்பு-வயிற்றுப் பெருந்தமனி மாற்றப்பட்டிருக்கிறது. அழுத்தம் உயரத்தில் இருக்க வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கிழிசலின் ஒரு பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறோம், மீதிக் கிழிசல் உள்ளே இருக்கிறது. அழுத்தம் தாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே ‘சி.எஸ்.டி.’! அவரவர் இலக்கு எண்ணைத் தலைமாட்டில் பெரிதாக எழுதி, நாள் மாறும்போது எண்ணையும் மாற்றுவதற்கு ஒரு சாக்பீஸ் போதும்.

தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. வளைவில் கை வைத்தால் அது நைந்துபோகலாம். குரல் கம்மும், அதைக் குழாய் போட்டதால் வந்த கரகரப்பு என்று தள்ளிவிடுவோம். மகன் ஆசையாக வாங்கிவந்த இளநீரில் முதல் வாய் நேரே நுரையீரலுக்குப் போகும். நான்காம் நாள் நிமோனியா. குரல் கம்மியவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு கரண்டித் தண்ணீரும் பொறுமையும் தெரிந்த ஆளும் வேண்டும்.

மனக்குழப்பத்தைப் பற்றி நாளை தனி அமர்வே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.சி.யூவில் பெரியவர் பிதற்றுகிறார், குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுகிறோம், ஊசி போடுகிறோம். அவருடைய மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றும் வெளியே மகளின் பையில் இருக்கின்றன. மகளோ கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்வை நேரத்துக்காகக் காத்து நிற்கிறாள்.

வீட்டில் நடப்பது நம் கையில் இல்லை என்று ஒதுங்க முடியாது. “அசையாம படுங்கப்பா, தையல் பிரிஞ்சுடும்” என்பது அன்பு. பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் ஆகாது, முட்டை சூடு என்பதும் அன்பு. ஆறு வாரம் ரசம் சோறும் பிரெட்டும் சாப்பிட்டுத் தொடைச் சதை கரைந்து வருகிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை, சமைக்கிறவரிடம் சொல்லுங்கள். பெருந்தமனியின் அடியோடு வால்வையும் மாற்றும் பென்டால் அறுவையில் உலோக வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் “கீரையே வேண்டாம்” என்பதைவிட, வாரத்தில் எத்தனை நாள் உண்டோ அதை மாற்றாமல் அதே அளவில் சாப்பிடச் சொல்வதே சரி. “பாரம் தூக்காதே” என்பது சுமை தூக்கிப் பிழைப்பவருக்கு அறிவுரையே ஆகாது. தெருக்குழாயில் 15 லிட்டர் குடம் சுமக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லும்போது, அந்தக் குடத்தை வேறு யார் தூக்குவார்கள் என்றும் வீட்டாரை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் சில வரிகள் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் பெருந்தமனி வீங்கியவர்களுக்கு ஆபத்து என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் சொன்னாலே அது கிடைத்துவிடுகிறது. ஆண்டுக்கொரு ஸ்கேன் ஆயுள் முழுக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைப் பார்க்க 200 கிலோமீட்டர் பயணம் செய்து நம்மிடம் வரத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தம் பார்க்கவும் மாத்திரை தரவும் இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். நம் நோயாளியின் இலக்கு எண் என்ன என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பும் வேலையை நாம்தான் இன்னும் செய்யவில்லை.

கடைசியாகக் கணக்கு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஒப்பாய்வில், வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் திறந்த அறுவை செய்தவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 4.7 விழுக்காடு, ஸ்டென்ட் வைத்தவர்களில் 1.7 விழுக்காடு. நம் ஆண்டறிக்கைகளும் இந்த 30 நாள் கணக்கோடு முடிகின்றன. 31ஆம் நாள் வென்டிலேட்டரில் இருப்பவரும் வயலுக்குப் போனவரும் அதில் ஒன்றே. அறுவைக்குப் பின் 90 நாளில் நோயாளி எத்தனை நாள் தம் வீட்டில் இருந்தார் என்று எண்ணத் தொடங்குவோம். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் தகவல் இது. அடுத்த மாநாட்டுக்கு வரும் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த ஓர் எண்ணையாவது கொண்டுவர வேண்டும்.

முதல் அமர்வில் பேசப்போகிறவர்கள் ஐ.சி.யூ. செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும். அறுவை மருத்துவர்கள் தேநீருக்கு எழுந்துபோகாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்துவைத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.