என்ஜின் புத்தகம் பத்திரம்!

1970-களில் நாங்கள் ஆயில் என்ஜின் வாங்கியபோது கூடவே ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். அப்பா அதைக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருப்பார். பக்கமெல்லாம் கிரீஸ் கறை.

ஒரு நாள் நாற்றங்காலுக்குப் பாயும்போது டீசல் தீர்ந்து என்ஜின் நின்றுபோச்சு. டீசல் ஊற்றியும் கிளம்பவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கினோம். டீசல் பம்பிலும் அப்படியே. கைப்பிடியைச் சுற்றினதும் கிளம்பிடுச்சு. மெக்கானிக்குக்குக் காத்திருந்தால் நாற்று வாடியிருக்கும்.

இப்போது செல்போனில் பார்க்கலாம்தான். ஆனால் உங்க என்ஜினுக்கு உரிய டேப்பட் இடைவெளியும் ஆயில் அளவும் அந்தப் புத்தகத்தில் இருக்கு. அட்டை போட்டு வையுங்க. பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்க.