இனம் என்பது இரத்தமா?

(தாம்பரத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



"நாம் தமிழர், நாம் திராவிடர்" என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். "இந்த எண்ணம் எப்போது வந்தது? யாரால் வந்தது?" என்று ஒருவர் கேட்டால் கோபித்துக் கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. நம் வீட்டுச் சங்கதியைவிட அடுத்த வீட்டுச் சங்கதி சுலபமாய் விளங்குமாதலால், முதலில் ஜெர்மனியைப் பார்ப்போம்.

2,000 வருஷங்களுக்கு முன் அத்தேசத்தில் பல கூட்டத்தார் இருந்தார்கள். "நாமெல்லோரும் ஜெர்மானியர்" என்று அவர்கள் சொல்லிக் கொண்டதற்கு ஆதாரமில்லை. அவர்களை ஒரே இனமாய் வைத்துப் புஸ்தகம் எழுதியவர், கி.பி. 98-ஐ ஒட்டி வாழ்ந்த டாசிட்டஸ் என்கிற ரோமாபுரிக்காரர். அதுவும் லத்தீன் பாஷையில்! அந்தச் சிறு புஸ்தகம் பல நூறு வருஷம் மறந்து கிடந்து, 15-ம் நூற்றாண்டில் வெளிவந்து அச்சேறிய பிறகுதான் அங்குள்ள படித்தவர்கள் "இவர்களே நம் முன்னோர்" என்று கொண்டாடினார்கள். கி.பி. 9-ல் ரோமாபுரியின் மூன்று படைகளை அழித்த ஆர்மினியஸ் தேச வீரனாக்கப்பட்டான். ஆனால் அவனோ ரோமாபுரிச் சேனையில் சேவகம் செய்தவன். கடைசியில் அவனைக் கொன்றவர்களும் அவன் சொந்தக்காரர்களே. பிறகு லூதர் 1534-ல் பைபிள் முழுவதையும் ஜனங்களின் பாஷையில் வெளியிட்டார். ஒரே ராஜ்யம் ஏற்பட்டதோ 1871-ல்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் என்ற பெயர் பழையது, பிறர் வைத்ததல்ல. ஆனால் சேர சோழ பாண்டியர் தமிழ் பேசிக் கொண்டேதான் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டார்கள். தென்னாட்டுப் பாஷைகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை 1816-ல் காட்டினார். 1856-ல் கால்டுவெல் அதை விரித்து எழுதினார். ஏட்டில் கிடந்த கலித்தொகையைத் தாமோதரம் பிள்ளை 1887-லும், புறநானூற்றைச் சாமிநாதய்யர் 1894-லும் அச்சிட்டார்கள். இதற்கிடையே 1891-ல் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கண்டார். 1916-ல் இதோ நம் பக்கத்துப் பல்லாவரத்தில் வேதாசலம் என்பவர் தம் பெயரையே மறைமலை என்று மாற்றித் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். கணக்குப் பாருங்கள், சரியாக 100 வருஷம்!

அப்படியானால் இது புரட்டா? இல்லை. மனிதர் கட்டியது என்பதனால் வீடு பொய்யாகிவிடுமா? அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே கேள்வி.

ஜெர்மனியில் அந்தக் கதவுக்கு இரத்தத்தைப் பூட்டாகப் போட்டார்கள். ஜெர்மானியர் கலப்பற்றவர் என்று டாசிட்டஸ் எழுதியதை நாஜிகள் பிடித்துக் கொண்டார்கள். 1914-ம் வருஷத்துச் சண்டையில் அதே தேசத்துக்காகப் போராடிய யூதனையும், அவன் பேசிய ஜெர்மன் பாஷை காப்பாற்றவில்லை. 1935-ல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். பின்பு ஐரோப்பா முழுவதிலும் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள்.

நமக்கு இரத்தப் பெருமை பேச இடமுண்டா? 1863-ல் புரூஸ் ஃபுட் என்பவர் இதே பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதைப் பிடித்த கை என்ன பாஷை பேசியது, என்ன குலம் என்று எவரால் சொல்ல முடியும்?

அயோத்திதாசர் திராவிடர் என்ற பேரை எடுத்தது, ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களை மனிதராக நிறுத்துவதற்காக. ஆகவே தோழர்களே, நம் தமிழுணர்ச்சிக்குப் பரீட்சை மேடையில் இல்லை. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நம்மில் பலர் வீட்டை வாடகைக்கு விடுகிறோம். நல்ல தமிழில் வீடு கேட்டு வருகிறவரிடம் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று விசாரிக்கிறோமா, இல்லையா? விசாரிக்கிற வரையில், நாம் கட்டியது ஜாதி வீடுதான். வாசலில் எழுதிய பெயர்தான் தமிழ். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்வியை விட்டுவிட முடியுமா என்று யோசியுங்கள்.