அம்மி போயிற்று, அடிமைத்தனம் போயிற்றா?

(கோவைக்கு அடுத்த ஊர் ஒன்றில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தில் பேசியது)



இப்போது இங்கு நடந்தது ஒரு ஒப்பந்தம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, ஓமப் புகை இல்லை. இரண்டு பேர் நம் எல்லோருக்கும் எதிரில் வாழ்க்கைத் துணைவர்களாயிருக்கச் சம்மதம் சொல்லி மாலை மாற்றிக் கொண்டார்கள், காரியம் முடிந்தது. இது சட்டப்படி செல்லாத கல்யாணம் என்று ஒரு காலத்தில் கேலி பேசினார்கள். 1967-ல் அண்ணா அவர்கள் முதன் மந்திரியாயிருந்தபோது நிறைவேற்றிய சட்டத்தினால் அந்த வாயும் அடைபட்டுப் போயிற்று. ஆகையால் கல்யாண முறையைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. மணமக்களுக்குப் பக்கத்தில் மேஜையின் மேல் அடுக்கி வைத்திருக்கின்ற சாமான்களைப் பற்றியே பேசப் போகின்றோம்.

ஒரு மிக்ஸி, ஒரு கிரைண்டர், இரண்டு பிரஷர் குக்கர், ஒரு மின்சார அரிசிக் குக்கர் இருக்கின்றன. கொடுத்த நண்பர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருக்கின்றார்கள். ஆனால் கொடுக்கும்போது யார் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? மோதிரமும் கைக்கடிகாரமும் மணமகன் கைக்குப் போயிற்று. மிக்ஸியும் குக்கரும் மணமகள் கைக்குப் போயிற்று. ஒரு நண்பராவது தவறிப்போய் குக்கரை மணமகனிடம் நீட்டவில்லை. (சிரிப்பு). மணமகள் பள்ளிக்கூட ஆசிரியை. மணமகன் மில்லில் கணக்கெழுதுகிறவர். இருவரும் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். சம்பாதிக்க இருவரும் போகின்றபோது, சமைக்க மட்டும் ஒருவர் என்று தீர்மானித்தது யார்?

வைதீகக் கல்யாணத்தில் பெண்ணை அம்மி மிதிக்கச் சொல்லுகின்றார்கள். இந்தக் கல்லைப் போல் உறுதியாயிரு என்பது அதற்கு அர்த்தமாம். ஆணுக்கு அந்த உறுதி வேண்டியதில்லை போலும்! அன்று ஒரு தடவை காலால் மிதித்த கல்லை, அதன் பிறகு ஆயுள் முழுவதும் அந்தப் பெண் கையால் தேய்த்துக் கொண்டிருந்தாள் என்பதுதான் நாம் கண்ட பலன். இங்கே அம்மியும் இல்லை, மிதித்தலும் இல்லை. ஆனால் அம்மிக்குப் பதிலாக மிக்ஸியை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாம் சீர்திருத்தக்காரர் என்று சொல்லிக் கொள்ளலாமா என்றுதான் கேட்கின்றோம்.

யந்திரம் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. யந்திரத்தை நம்மைவிட அதிகமாக வரவேற்கிறவர்கள் இருக்க முடியாது. இதே கோவையில் 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்து கொடுத்தார். எத்தனையோ ஆயிரம் வருஷமாக அன்னபூரணியையும் லக்ஷ்மியையும் கும்பிட்டு வந்த நாட்டில், ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து குழவியைச் சுற்றிக் கொண்டிருந்த பெண்ணின் தோள்வலியைப் போக்க எந்தத் தெய்வமும் வரவில்லை. ஒரு மின்சார மோட்டார்தான் வந்தது.

அதே 1955-ல்தான் ஜப்பான் தேசத்தில் தானாகவே நின்றுவிடும் மின்சார அரிசிக் குக்கர் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்தவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர். ஆனால் தினந்தோறும் அரிசியைப் போட்டு, எத்தனை நிமிஷம், எவ்வளவு சூடு என்று சோதனை செய்து பார்த்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ அம்மையார். அதன் சூட்சுமம் மிகவும் எளிது. தண்ணீர் இருக்கும் வரையில் சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது. தண்ணீர் தீர்ந்தவுடன் ஏற ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் உள்ளிருக்கும் விசை விழுந்து மின்சாரம் நின்றுவிடும். அதாவது சோறு குழைகிறதா, தீய்கிறதா என்று அடுப்பைக் காவல் காக்க ஒரு மனுஷி வேண்டியதில்லை. இது சாதாரண விஷயமா?

இந்தப் பிரஷர் குக்கரின் மூதாதையை 1679-லேயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் செய்துவிட்டார். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரையில் சூடேறும். ஆகவே பருப்பு சீக்கிரம் வேகின்றது. விசிலை எண்ணிக் கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முதல் விசில் வந்தவுடன் தீயைக் குறைத்துவிட்டு நிமிஷத்தை எண்ண வேண்டும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பருப்பானால் பாதிக்கு மேலும் நிரப்பக் கூடாது. ஆவி அடங்கும் முன் மூடியைத் திறக்கக் கூடாது. இதை மணமகனைப் பார்த்துத்தான் சொல்லுகின்றோம். மணமகளுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாமல் விட்டால் நம் சமூகம் அவளை மன்னித்திராது.

நிற்க, இவ்வளவு யந்திரம் வந்தும் பெண்ணுக்கு ஓய்வு வந்ததா என்று பார்ப்போம். இந்திய அரசாங்கத்தார் 2019-லும் 2024-லும் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2019-ல் 299 நிமிஷம், 2024-ல் 289 நிமிஷம். ஆணுக்கு 2019-ல் 97 நிமிஷம், 2024-ல் 88 நிமிஷம். ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது! யாருக்கு ஓய்வு வேண்டியிருந்ததோ அவரோடு சேர்ந்து, ஏற்கெனவே ஓய்வாயிருந்தவரும் ஏறக்குறைய அதே அளவு மிச்சம் பிடித்ததைக் கவனியுங்கள். அதுவும் வேலை செய்கின்ற ஆண்களின் கணக்கு. 2019-ல் நூற்றுக்கு 26 ஆண்கள்தான் அப்படி ஏதாவது செய்ததாகக் கண்டிருக்கின்றது. மற்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

இது எப்படி நேர்ந்தது? அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு யந்திரங்கள் முதலில் ஒழித்தது விறகு பிளப்பது போன்ற ஆணின் வேலையையும் சிறு பிள்ளைகளின் வேலையையும்தான். பெண்ணின் வேலை அப்படியே நின்றது, சில விஷயங்களில் வளரவும் செய்தது என்பது அவர் கண்ட முடிவு. நம் ஊரிலும் அதேதான். கேஸ் அடுப்பு வந்தவுடன் விறகு பிளந்து கொடுத்த ஆண் கோடாரியை மூலையில் சாத்திவிட்டு, பத்திரிகையும் இப்போது செல்போனும் கையுமாய் உட்கார்ந்துவிட்டான். ஆட்டுக்கல் காலத்தில் கிராமத்து வீடுகளில் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம். இங்கிருக்கும் வயதானவர்களுக்குத் தெரியும். கிரைண்டர் வந்த பின் தினமும் இட்லி. அதற்கு இரண்டு சட்னி. பிள்ளைக்கு ஒன்று, மாமனாருக்கு வேறொன்று. யந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தை வீட்டார் நாக்கு தின்றுவிட்டது.

அம்மியில் அரைத்த ருசி மிக்ஸியில் வராது என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். வராதென்றே வைத்துக் கொள்வோம். ருசி வேண்டியவர் அரைத்துக் கொள்ளட்டும். (சிரிப்பு).

சமையல் பெண்ணுக்கு இயற்கை என்கின்றார்கள். அப்படியானால் ஓட்டலில் சமைக்கிறவர் யார்? கல்யாண வீட்டில் நூறு படி அரிசி வடிக்கிறவர் யார்? கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டுகிறவர் யார்? பெரும்பாலும் ஆண்கள்தானே! கூலியும் கௌரவமும் கிடைக்கும் இடத்தில் சமையல் ஆணுக்கு இயற்கையாகவும், அவையில்லாத இடத்தில் பெண்ணுக்கு இயற்கையாகவும் இருப்பது விசித்திரமான இயற்கை அல்லவா? மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று பெண்ணை ஒதுக்கி வைத்த வீடுகளில் அந்த மூன்று நாளும் ஆணே உலை வைத்ததும் உண்டு. தீட்டுக்குப் பயந்து வந்த திறமை, நியாயத்துக்காக வராதா?

ஆயுத பூஜை என்று ஒன்று வருகிறது. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ. அன்று யந்திரத்துக்கு ஓய்வு. ஆனால் அதற்குப் படைக்கச் சுண்டலும் வடையும் பாயசமும் செய்ய, மற்ற நாளைவிட இரண்டு மணி முன்னதாக எழுந்திருக்கிறவள் யார்? இரும்புக்குக் கொடுக்கும் விடுமுறையைக் கூட அவளுக்குக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை.

இதில் நாமும் யோக்கியரல்ல. கிரைண்டர் வாங்கிக் கொடுத்து, இனி உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று வீட்டில் பெருமையடித்துக் கொண்டோம். பெண் விடுதலையைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, சாப்பாடு ஆயிற்றா என்றும் கேட்டிருக்கின்றோம். ஒரு சமயம் நம் துணைவியார் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டார். உளுந்து எவ்வளவு, எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று நமக்குத் தெரியவில்லை. படுக்கையில் இருந்தவரை எழுப்பித்தான் கேட்டோம். இருபது வருஷமாய்த் தின்ற இட்லியைப் பற்றி ஒரு அட்சரமும் தெரியாமல் இருந்தது, அன்றுதான் வெட்கமாயிற்று.

மணமகனுக்கு அந்த வெட்கம் வேண்டாம் என்பதற்காகச் சொல்லுகின்றோம். இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். தனித்தனியாக நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் அரைத்தால் பஞ்சாய்ப் பொங்கும். பிறகு அரிசி. உப்புப் போட்டுக் கலந்து இரவு வெளியே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும். காலையில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அவை மந்தப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு வியாழன் வரையில் வரும். இரவிலேயே காய் நறுக்கி வைத்துவிட்டு, காலையில் ஒருவர் குக்கரைப் பார்த்துக் கொண்டால் மற்றவர் குழந்தையைக் குளிப்பாட்டலாம். மறுவாரம் மாற்றிக் கொள்ளலாம். பாத்திரம் விளக்குவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிடுவது ஆண்களின் வழக்கம்.

எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டித் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆயிரம் வீட்டில் ஆயிரம் தாய்மார்கள் விடியற்காலையில் பதறுவதற்குப் பதிலாக ஒரு பெரிய சமையற்கூடத்தில் சம்பளத்துக்குச் சிலர் சமைப்பது எவ்வளவு சிக்கனம்! அதைப்பற்றி வேறொரு சமயம் விரிவாகப் பேசுவோம்.

பந்திக்கு இலை போட்டாய்விட்டது என்று தோழர்கள் சைகை காட்டுகின்றார்கள். நமது வேண்டுகோள் ஒன்றே. முதல் பந்தியில் தாய்மார்கள் உட்காரட்டும். மணமகன் சாம்பார் வாளியை எடுத்துக் கொள்ளட்டும். நாம் ரசம் ஊற்றுகின்றோம்.