பிள்ளையின் கண்ணில் வெள்ளை தெரிந்தால் நாள் கடத்த வேண்டாம்

(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே அதிகம் நீட்டாமல் பேசுகிறேன்.

கண்ணில் புரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தாத்தா பாட்டிதான். "இன்னும் முத்தலை, முத்துனாத்தான் வெட்டி எடுப்பாங்க" என்று லயத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பழைய காலத்துக் கதை. இப்போது பெரியவர்களுக்கே அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆனால் அதே பேச்சைக் கைப்பிள்ளை விசயத்திலும் பேசி, "கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறோம். அங்கேதான் மோசம் போகிறோம்.

ஏன் என்று சொல்கிறேன். பாட்டியின் கண் அறுபது வருசம் பார்த்த கண். புரையை எடுத்தால் மறுபடி பார்க்கும், ஏனென்றால் மூளைக்குப் பார்க்கத் தெரியும். பிறந்த பிள்ளையின் மூளைக்கு அது இன்னும் தெரியாது. கண் பார்க்கப் பார்க்கத்தான் மூளை பழகும். நம்ம மலையில் பனி மூடின நாளில் பஸ்ஸின் முன்கண்ணாடி எப்படி இருக்கும்? புரை விழுந்த கண்ணும் அப்படித்தான். அந்தக் கண்ணிலிருந்து தெளிவாக ஒன்றும் வராவிட்டால், மூளை அதைக் கைவிட்டுவிடும். பிறகு ஐந்து வயதில் ஆப்பரேசன் செய்தால் கண் சுத்தமாக இருக்கும், பார்வை வராது. பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் சுமார் 6 கிழமைக்குள்ளும், இரண்டு கண்ணிலும் இருந்தால் சுமார் 8 கிழமைக்குள்ளும் ஆப்பரேசன் செய்வது நல்லது என்கிறார்கள் கண் டாக்டர்மார். பேர் வைத்து முடிக்கும் முன்னமே ஓட வேண்டிய விசயம் இது. சில பிள்ளைகளுக்குப் புரை சின்னதாக இருக்கும். ஆப்பரேசன் தேவைப்படாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதை முடிவு செய்வது டாக்டர்தான், நாமோ பக்கத்துக் காம்பராக்காரரோ அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? கருமுழிக்கு நடுவே உள்ள கறுப்புப் புள்ளி வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். ஃபோனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழலாம். இரண்டு மாதமாகியும் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்காது, வெளிச்சத்துக்குக் கண் திரும்பாது, அல்லது கண் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். வாக்குக் கண்ணும் ஓர் அடையாளம்தான். வாக்குக் கண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் கிழவிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்த அதிர்ஷ்டம் நமக்கு வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள். கண்ணில் வெள்ளை தெரிவதெல்லாம் புரை அல்ல. கண்ணுக்குள் வரும் ஒருவகைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் காட்டும். அங்கே பார்வை மட்டுமில்லை, உயிரே போகும். ஆகவே வெள்ளையைக் கண்டால் அதே கிழமையில் காட்ட வேண்டும்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில், மூன்றாம் மாதத்திலேயே தாய் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுப் பெரியவர்கள் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார்கள், தாய்ப்பாலும் விட்டார்கள். புரை இருப்பது கண்ணின் உள்ளே, வில்லையில். மேலே ஊற்றும் எதுவும் அதைக் கரைக்காது. கண்தான் சிவந்து புண்ணாகும். "கிரகணத்துல வெளிய வந்தா, அதான்" என்று அந்தத் தாயைப் பழியும் சொன்னார்கள். ஏழாம் மாதம்தான் ஆப்பரேசன் நடந்தது. இன்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, ஆனால் ஒரு கண்ணை நம்பித்தான்.

தாய்மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். பல பிள்ளைகளுக்கு என்ன காரணம் என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குப் பரம்பரை. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது சிலவகைப் பிறவிக் குறைகள் வருவது கூடும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் புரை வரலாம். பால் குடித்ததும் வாந்தி, மஞ்சள் இறங்காமை, உடம்பு தேறாமை, இவற்றோடு புரையும் இருந்தால், பாலிலுள்ள சீனி உடம்புக்குச் சேராத நோயாக இருக்கலாம்.

முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, அதை நம்மால் தடுக்க முடியும். அதுதான் ருபெல்லா என்கிற ஜெர்மன் சின்னமுத்து. 1941இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோர்மன் கிரெக் என்ற கண் டாக்டர், புரையோடு பிறந்த பிள்ளைகள் திடீரென்று நிறைய வருவதைக் கவனித்தார். அவர்களுடைய தாய்மாரில் அநேகமானோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்த நோய் வந்திருந்தது. தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்கு இது பிடிபட்டது என்று சொல்வார்கள். பிள்ளைகள் பலருக்கு இருதயத்திலும் கோளாறு இருந்தது. காது கேளாமையும் சேர்ந்து வரும் என்று பிறகு தெரிந்தது. ஆகவே புரையோடு பிறந்த பிள்ளைக்குக் கண்ணோடு நிறுத்தாமல், இருதயத்தையும் காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இலங்கையில் 1996இல் ருபெல்லா ஊசி தொடங்கியது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய் இங்கே ஒழிந்தது என்று அறிவித்தது. அது ஊசியால் கிடைத்த பலன். ஊசி போடுவதை விட்டால் நோய் திரும்பி வரும். இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் அது சேர்ந்திருக்கிறது. தவறவிட்ட இளம் பெண்கள் மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது. போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல கண்ணோடு பிறந்த பிள்ளைக்கும் புரை வரலாம். மிலாறு குத்தியும், தீபாவளி வெடியாலும், பென்சிலாலும் கண்ணில் அடிபட்டு வரும். கவ்வாத்து மலையில் பிள்ளைகளை மிலாறு பொறுக்க விடாதீர்கள். இன்னொருவருக்குக் கொடுத்த கண் மருந்தை எடுத்துப் பிள்ளைக்கு விடவும் வேண்டாம். ஸ்டீரொய்ட் கலந்த மருந்தை நாள்கணக்கில் விட்டால் அதுவே புரையை உண்டாக்கும்.

ஆப்பரேசனோடு வேலை முடிவதில்லை. கைப்பிள்ளைக்குப் புரையை எடுத்த பிறகு கண்ணாடியோ கொன்டாக்ட் லென்ஸோ கட்டாயம் வேண்டும். பலவீனமான கண்ணைப் பழக்க, நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொல்வார்கள். பிள்ளை அழும், பிய்த்துப் போடும். பாட்டிக்கு மனம் கேளாது. ஆயாமார்களே, காலையிலிருந்து பிள்ளை உங்கள் கையில்தான் இருக்கிறது. டாக்டர் சொன்ன நேரம் முடியும்வரை நீங்களும் கழற்ற விடாதீர்கள். "இவ்வளவு சின்னதுக்குக் கண்ணாடியா" என்று சிரிப்பவர்களைச் சிரிக்க விடுங்கள். பின்னாளில் கண்ணில் அழுத்தம் கூடவும் இடமுண்டு, ஆகவே கிளினிக்கை விடவே கூடாது.

ஒரு நாள் கிளினிக் போனால் ஒரு பேர் போய்விடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், பஸ் காசும் போன பேரும்தான் கனக்கிறது. கிளினிக் துண்டை என்னிடம் கொண்டு வாருங்கள். ஆபீசில் பேசுவது என் வேலை. நுவரெலியா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

மருத்துவிச்சி அம்மா டோர்ச் லைட்டோடு உள்ளே இருக்கிறார். ஒரு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்கள் இப்போதே காட்டிவிட்டுப் போங்கள். அவர் சந்தேகப்படுகிற பிள்ளையை டாக்டர் ஐயாவிடம் அனுப்புவோம். கிளினிக் கொப்பி கொண்டுவராதவர்கள் காம்பராவுக்குப் போய் எடுத்து வாருங்கள், ஐந்து மணிவரை இருப்போம்.